பாசம் மிஞ்சினால் ஆபத்து! கினி எலிக்குப் பழம் எவ்வளவு கொடுக்கலாம்?

காரியாபட்டி:-

பழக்கடைப் பையைக் கையில் எடுத்தால் போதும். கூண்டுக்குள் இருந்து "வீக்... வீக்..." என்று சத்தம் கிளம்பிவிடும்.

"ஐயோ பாவம், கேக்குதே! ஒரு துண்டு குடுத்தா என்ன?" என்று பாட்டி ஒரு வாழைப்பழத் துண்டைப் போடுவார். அரை மணி கழித்து அப்பா ஒரு திராட்சைக் கொத்தை நீட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தன் பங்குக்கு மாம்பழக் கதுப்பை வைக்கும்.

எல்லோரும் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தச் சின்ன ஜீவன் மூலையில் சுருண்டு கிடக்கும். வயிறு உப்பி இருக்கும். கத்தினால்கூட திரும்பிப் பார்க்காது.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!" என்று வீடே அழும்.

கினி எலி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கக்கூடிய சோகம் இது. ஆனால் எளிதில் தடுக்கக்கூடியது. எப்படி என்று பார்ப்போம்.

எலியும் இல்லை, பன்றியும் இல்லை!

கினி எலிக்குத் தமிழில் சீமைப் பெருச்சாளி என்று இன்னொரு பெயர் உண்டு. இங்கிலீசில் 'கினி பிக்' என்பார்கள். ஆனால் இது பன்றியும் இல்லை, நம் வயல் எலியும் இல்லை. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்கே பெரு நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதை வளர்க்கிறார்கள். நாம் கோழி வளர்ப்பது போல, கறிக்காகவும் வளர்க்கிறார்கள்.

வளர்ந்த கினி எலி 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை எடை இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும்.

மலைப் புல்லைத் தின்று வளர்ந்த சாதி இது. இதன் குடல் நார்த் தீனிக்காகவே அமைந்தது. புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் குடலில் குடியிருக்கின்றன. திடீரென்று சர்க்கரை கொட்டினால் அந்த நுண்ணுயிர்களின் கணக்கு தப்பிவிடும். வயிற்றுப்போக்கு வரும். வாயு சேர்ந்து வயிறு உப்பும். கினி எலியால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்!

அப்படியானால் பழமே வேண்டாமா?

வேண்டும். அங்கேதான் வேடிக்கை இருக்கிறது.

ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் தங்களுக்குத் தேவையான வைட்டமின் 'சி'யைத் தங்கள் உடம்பிலேயே தயார் செய்துகொள்ளும். மனிதனால் முடியாது. குரங்கால் முடியாது. கினி எலியாலும் முடியாது! தீனியில் கிடைத்தால்தான் உண்டு.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1907-ம் ஆண்டில் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற 2 பேர் கப்பல் மாலுமிகளுக்கு வரும் நோயை ஆராய்ந்தார்கள். கினி எலிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்து வந்தார்கள். அவை ஸ்கர்வி என்ற நோயில் விழுந்தன. பச்சைக் காய்கறி கொடுத்ததும் நோய் விலகியது. வைட்டமின் 'சி' என்ற பெயரே பிறக்காத காலம் அது!

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1919 வாக்கில் கினி எலிகளுக்கு ஸ்கர்வி வரும் தீனியைக் கொடுத்து, உடம்பின் உள்ளுறுப்புகள் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தார். 1918-ல் ஒரே ஓர் அறையில் அவர் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, பிறகு ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

ஆக, எந்தப் பழத்தைத் தின்று நம் உடம்பு தேறும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் கினி எலிதான். அதற்கே நாம் தப்பாகத் தீனி போடலாமா?

தீப்பெட்டிக் கணக்கு

கினி எலிக்கு அதன் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் 'சி' தினமும் வேண்டும். சினையாக இருந்தாலும் நோயாக இருந்தாலும் கூடுதல் அளவு தேவை.

100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் 10 கிராம் கொய்யாத் துண்டில் 20 மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும்!

10 கிராம் என்றால் எவ்வளவு? தராசு தேட வேண்டாம். நம்ம சிவகாசி தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான்! அதுவும் வாரத்தில் 2 நாள்தான். மற்ற நாட்களில் குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை போன்ற பச்சைக் காய்கறிகளால் வைட்டமினை ஈடு கட்ட வேண்டும். குடைமிளகாயில் வைட்டமின் 'சி'யும் உண்டு, சர்க்கரையும் குறைவு.

வைட்டமின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைப்பது வீண் வேலை. வெளிச்சம் பட்டால் சத்து போய்விடும். ருசி மாறினால் அது தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும்.

எது கொடுக்கலாம்? எது கூடாது?

கொய்யா: முதல் மார்க் இதற்குத்தான். அதிகம் பழுக்காத காயாக இருந்தால் நல்லது.

நெல்லிக்காய்: கொய்யாவை மிஞ்சும் வைட்டமின் உண்டு. புளிப்பு பிடிக்காமல் ஒதுக்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம். கீற்று போல ஒரு துண்டு போதும்.

பப்பாளி, தர்பூசணி: விதை நீக்கி ஒரு துண்டு. தர்பூசணி அதிகமானால் கழிச்சல் நிச்சயம்.

ஆப்பிள்: விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். விதைக்குள் சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

திராட்சை: விதை இல்லாதது ஒன்றே ஒன்று. மருந்து அடித்த பழம் என்பதால் பலமுறை கழுவுங்கள். உலர்ந்த திராட்சை வேண்டாம்.

வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா: சர்க்கரை மூட்டை! வாழையும் மாவும் மாதத்துக்கு ஒருமுறை நகத்தளவு கொடுக்கலாம். சப்போட்டாவை விட்டுவிடுங்கள்.

சீத்தாப்பழம்: இந்தப் பக்கத்துக் கரட்டு நிலத்தில் நன்றாக விளையும் பழம். பிள்ளைகள் கை நிறையக் கொண்டுவருவார்கள். ஆனால் அதன் விதை விஷம். பேன் கொல்ல அரைத்துப் பூசுவார்களே, அதேதான்! கூண்டுப் பக்கமே வேண்டாம்.

இலந்தை: கொட்டையை எடுத்துவிட்டுச் சதை மட்டும் கொஞ்சம்.

வெண்ணெய்ப்பழம், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட், பிஸ்கட், முறுக்கு: இவை கூடவே கூடாது!

புதுப் பழம் எதுவானாலும் முதல் நாள் துளியூண்டு கொடுத்து, ஒரு நாள் பொறுத்திருந்து பாருங்கள். தின்னாமல் மீந்த துண்டை ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அது புளித்து ஈ மொய்க்கும்.

பிள்ளையார் புல்தான் விருந்து

பழம் பலகாரம் மாதிரி. சாப்பாடு என்பது புல்தான். தீனியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் புல் இருக்க வேண்டும். கினி எலியின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்றால்தான் தேயும். தேயாவிட்டால் வாயைக் குத்தும். பட்டினி கிடந்து சாகும்.

காசு கொடுத்துப் பாக்கெட் புல் வாங்க முடியாதவர்களுக்குக் கவலை வேண்டாம். அருகம்புல் போதும்! மூஞ்சூறு ஏறும் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை. இந்தச் சீமைப் பெருச்சாளிக்கு அருகம்புல் விருந்து. பச்சையாகவும் காய வைத்தும் போடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பருத்திக்கு மருந்து அடித்த வரப்பில் புல் அறுக்காதீர்கள். இளம் சோளப் பயிரையும் போடாதீர்கள். குருத்துச் சோளம் தின்ற மாடு வயலிலேயே சரியும் என்பது நம் ஊர் சம்சாரிகளுக்குத் தெரியாததா? வைக்கோலில் சத்து குறைவு. படுக்கைக்கு மட்டும் போடலாம்.

வெயிலும் வெடியும்

கினி எலிக்கு வியர்க்காது. மலைக்குளிரில் பிறந்த சாதி. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைத்தால் மதியத்துக்குள் உயிர் போய்விடும். வீட்டுக்குள் குளிர்ந்த தரையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் இது மிரளும். மிரண்டால் தீனி எடுக்காது. அன்று கூண்டை உள் அறைக்கு மாற்றி, காற்று போகும்படி துணி போர்த்துங்கள்.

இந்த அடையாளம் தெரிந்தால்...

12 மணி நேரம் தீனி எடுக்கவில்லை, புழுக்கை போடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உள்ளூரில் வசதி இல்லை என்றால் மதுரை பக்கம்தான்.

மூட்டு வீங்கி நொண்டுகிறதா? ஈறில் ரத்தமா? ரோமம் முரடாகிவிட்டதா? வைட்டமின் 'சி' குறைவாக இருக்கலாம்.

மிக முக்கியம்: வீட்டில் மிச்சம் கிடக்கும் மனித மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கினி எலி செத்துப்போகும். மருத்துவரிடம் போகும்போதும் "இது முயல் இல்லை, கினி எலி" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அது தன் புழுக்கையைத் தானே தின்றால் பயப்பட வேண்டாம். அது அதன் இயல்பு. சத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

வீட்டில் ஒருவர் மட்டும் பழம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். காலண்டரில் பழம் கொடுத்த நாளைப் பிள்ளை வட்டம் போடட்டும். வட்டம் போட்ட நாளில் பாட்டி கொடுக்கக் கூடாது, அப்பாவும் கொடுக்கக் கூடாது!

"வீக் வீக்" என்று அது கத்துவது எப்போதும் பசியால் அல்ல. உங்களைக் கண்ட சந்தோஷத்தில்தான் பாதிச் சத்தம். அதற்குப் பதிலாக ஒரு பிடி அருகம்புல்லைப் போட்டு, தலையைத் தடவிக் கொடுங்கள்.

நாளைக்கும் அது உங்களைப் பார்த்துக் கத்தும்.