நகைப்பு வாயுவும் சூரிய கிரணமும்

பல் பிடுங்குங்கால் நோவு தோன்றாதிருத்தற் பொருட்டு வைத்தியர் நோயாளியைச் சுவாசிக்கச் செய்யும் வாயு ஒன்றுண்டு. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரு பிராணவாயு அணுவும் கூடியமைந்த நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது அது. 1772-ல் ஜோஸப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டறிந்தார். 1799-ல் ஹம்ப்ரி டேவி என்பார் தாமே இதனைச் சுவாசித்துக் களிப்பும் நகைப்பும் எய்தினர். அதனால் இது நகைப்பு வாயு எனவும் வழங்கலாயிற்று.

இவ்வாயு இரசாயன சாலையில் மட்டும் உண்டாவதன்று. மண்ணிலும் கடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் இதனை இடையறாது வெளிவிடுகின்றன. அங்ஙனம் வெளிப்பட்டது யாதாகின்றது? மழை அதனைக் கழுவிப் போக்குவதில்லை. அதனைப் பிளக்கவல்ல புற ஊதாக் கதிர்களை மேலேயுள்ள பிராணவாயுவும் ஓஸோனும் தடுத்துவிடுதலின், தரையில் அடிக்கும் வெயிலும் அதனை ஒன்றுஞ் செய்வதில்லை. ஆகவே அது ஆண்டுக்கணக்காக அலைந்து மெல்ல மேலேறுகின்றது.

சுமார் 25 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் அக்கதிர்கள் அதன்மேற் படுகின்றன. பத்தில் ஒன்பது பங்கு, நைட்ரஜனாகவும் தனிப் பிராணவாயு அணுவாகவும் பிளந்து தீங்கின்றி ஒழிகின்றது. எஞ்சிய ஒரு பங்கோ, ஓஸோனைச் சூரியன் உடைக்கும்போது பிறக்கும் வேகமிக்க பிராணவாயு அணுவோடு மோதுகின்றது. அம்மோதலிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் நைட்ரிக் ஆக்ஸைடு தோன்றும். ஓஸோனுக்குப் பகை இதுவே. இஃது ஓஸோனிடமிருந்து ஓர் அணுவைப் பறித்து நைட்ரஜன் டையாக்ஸைடாகும். அவ்வணுவை வேறொரு தனிப் பிராணவாயு அணுவிடம் ஈந்து பழைய உருவை அடையும். மீண்டும் மற்றோர் ஓஸோனை நாடும். தான் குறையாது பிறிதை அழிக்கும் இவ்வினையை 1970-ல் பால் குருட்ஸன் விளக்கினார்; 1995-ல் வேறிருவருடன் நோபல் பரிசும் பெற்றார்.

இயற்கையில் இவ்வழிவும் ஓஸோனின் ஆக்கமும் ஒத்து நின்றன. இன்றோ, வயலில் இடும் நைட்ரஜன் உரத்திற் பயிர் கொள்ளாது எஞ்சியதை நுண்ணுயிர்கள் கொண்டு, இவ்வாயுவை மிகுதியாக விடுகின்றன. யந்திரத் தொழில் பெருகுமுன் நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ 270 பங்காயிருந்த இது, இப்போது 330-க்கு மேற்பட்டுள்ளது. ஒருமுறை வெளிப்பட்டது ஏறக்குறைய 120 ஆண்டு நிலைத்திருக்கும். ஓஸோனைக் காக்க 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையோ இதனைத் தடை செய்திலது.

உரத்தை அறவே விலக்கி உலகுக்கு உணவளித்தல் எளிதன்று. ஆயினும் பயிர்க்கு வேண்டுமளவே, வேண்டும் பருவத்தே இடுதல் இயலும். அதனால் உழவர்க்குச் செலவு குறையும்; இன்று நாம் தவிர்க்கும் வாயுவின் பயனை நம் பேரர்தம் மக்களும் துய்ப்பர்.