செண்பகத்தோப்பில் ஒரு பகல்

வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடர் பளியர் வாழும் நிலமாகும். குறிஞ்சித் திணையை இருபதாண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வரும் நாம், திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்குச் சென்றபோது தழைக்குடில்களையே எதிர்பார்த்தோம். கண்டவையோ அரசு கட்டித்தந்த வீடுகள். நம் நூலறிவு நமக்கே நகைப்பைத் தந்தது.

பளியர் பேசுவது தமிழே. காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்வதும், பாறை முகட்டிலிருந்து கயிற்றில் இறங்கிப் புகையிட்டு மலைத்தேன் எடுப்பதும் அவர்தம் முன்னோர் தொழில். 1962இல் இவர்களிடையே களஆய்வு தொடங்கிய அமெரிக்க மானிடவியலறிஞர் பீட்டர் கார்ட்னர் விரித்துரைப்பது அவர்களது மதிப்பு நெறியை. எவரும் எவரையும் தாழ்த்தலாகாது; கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் கூட! பூசல் எழின் கைநீட்டார்; ஒருவர் அவ்விடம் விட்டு அகன்றுவிடுவார். சமவெளியார் சிலர் இதனைக் கோழைமை என்பர். உண்மையைச் சொன்னால், நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

ஆனால், அகன்று செல்ல இடம் வேண்டுமன்றோ? இம்மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. காட்டுயிர்கள் காக்கப்பட வேண்டியவையே, அதில் ஐயமில்லை. எனினும் தேன் முதலிய சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடியினர்க்கு ஏற்றிருக்கிறது. அதற்கான கோரிக்கையை முதற்கண் பெற்று ஆராய்வது கிராம சபை. அக்கோரிக்கையை எழுதிக் கொடுக்க நம் தமிழ்த்துறை மாணவர்களால் இயலும்.