பெங்களூருக்குள் சிறுத்தைகள் வருவது ஏன்?

பெங்களூரு: பெங்களூரு குடியிருப்புப் பகுதிகளில் சிறுத்தை நடமாட்டம் அவ்வப்போது பரபரப்பை ஏற்படுத்தி வருகிறது. ஆனால், நகரின் தெற்கு எல்லையை ஒட்டியுள்ள பன்னர்கட்டா தேசியப் பூங்கா சிறுத்தைகளின் இயற்கையான வாழிடமாகும். அந்த வனம் காவிரி வன உயிரின சரணாலயத்துடனும், தமிழகத்தின் ஓசூர் வனப் பகுதியுடனும் தொடர்புடையது.

புலியைப் போன்று பரந்த அடர்வனம் சிறுத்தைக்கு அவசியமில்லை. புதர்க்காடுகள், பாறைக் குன்றுகளிலும் மறைந்து வாழும். காடுகளை ஒட்டி நகரம் விரிவடையும்போது, தெருநாய்களும் ஆடுகளும் அதற்கு எளிதான இரையாகின்றன.

2016 பிப்ரவரி 7-ஆம் தேதி, நகரின் கிழக்குப் பகுதியில் பள்ளி ஒன்றுக்குள் சிறுத்தை புகுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வகுப்புகள் நடைபெறவில்லை. எனினும், அதைப் பிடிக்கும் முயற்சியில் வன உயிரின ஆய்வாளர் சஞ்சய் குப்பி உள்பட 6 பேர் காயமடைந்தனர். 2023 நவம்பர் 1-ஆம் தேதி, கூட்லு பகுதியில் மீட்புக் குழுவினரைத் தாக்கிய சிறுத்தை, துப்பாக்கிச்சூட்டில் காயமடைந்து உயிரிழந்தது.

மயக்க ஊசி செலுத்தியதும் சிறுத்தை உடனே மயங்குவதில்லை. மருந்து பலனளிக்கச் சில நிமிடங்களாகும். அதற்குள் கூட்டத்தின் கூச்சலால் மிரண்டால், தப்பிக்கும் வேகத்தில் அது எதிர்ப்படுவோரைத் தாக்கக்கூடும். எனவே, சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாமல் விலகிச் சென்று, வனத்துறைக்குத் தகவல் அளிப்பதே மனிதருக்கும் விலங்குக்கும் பாதுகாப்பானது.