பயன்பாட்டு ஒளியியல்: கண்ணாடி உலை முதல் கண் வில்லை வரை

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்திற்குள் சாய்வாகப் புகும்போது திசை மாறுகிறது. பளபளப்பான பரப்பில் பட்டால் திரும்புகிறது. பள்ளி மாணவர் அறிந்த இவ்வுண்மைகளைக் கொண்டு மனிதனுக்குப் பயன்படும் கருவிகளைப் படைக்கும் துறையே பயன்பாட்டு ஒளியியல் ஆகும். நில அளவையாளரின் தியோடலைட், ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி, செயற்கைக் கோளின் காமிரா ஆகிய அனைத்தும் இத்துறையின் விளைவுகளே. இத்துறையில் ஒரு நாடு தன்னிறைவு பெற மூன்று படிகளைக் கடக்க வேண்டும்: தூய கண்ணாடி, துல்லியமான பரப்பு, மக்களைச் சென்றடையும் உற்பத்தி.

மூலப்பொருள்

சன்னல் கண்ணாடியில் சிறு கோடோ குமிழியோ இருப்பின் கேடில்லை. வில்லைக்கு உரிய ஒளியியல் கண்ணாடியிலோ ஒளிவிலகல் எண் கட்டி முழுவதும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஐந்தாம் தசம இடத்தில் ஏற்படும் வேறுபாடுகூடப் பிம்பத்தைக் கெடுக்கக்கூடும். இதற்காக உலையில் கண்ணாடிக் குழம்பை நன்கு கலக்கி, பின்னர் மிக மெதுவாக ஆறவிடுகின்றனர். விரைந்து ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கி, ஒளியின் பாதை பிறழும்.

இக்கண்ணாடிக்குப் பிறரை நம்பியிருப்பதன் ஆபத்தை 1914இல் தொடங்கிய முதல் உலகப் போர் உணர்த்தியது. அதுவரை ஜெர்மனியிலிருந்து பெருமளவு தருவித்து வந்த பிரிட்டன், போர் மூண்டதும் படைக்கருவிகளுக்கான கண்ணாடியின்றித் திண்டாடியது. நம் நாட்டில், கல்கத்தாவில் 1950இல் திறக்கப்பெற்ற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இத்தொழில் நுட்பத்தைத் தன் முயற்சியால் உருவாக்கி, 1960களில் ஒளியியல் கண்ணாடியை உற்பத்தி செய்து வழங்கியது.

பரப்பின் துல்லியம்

நல்ல கண்ணாடி கிடைத்தால் மட்டும் போதாது. தொலைநோக்கி ஆடியின் பரப்பு, இருக்க வேண்டிய வடிவிலிருந்து ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிறழலாகாது என்பது பொதுவான அளவுகோல். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அதனை 30 கிலோமீட்டர் அகலமுள்ள வயலாகக் கற்பனை செய்தால், அளவுகோலின்படி அவ்வயலில் 1 மில்லிமீட்டர் உயர மேடுகூட இருத்தல் கூடாது! இவ்வாடியைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொழில் வல்லுநர்களே.

இத்துணை நுண்ணிய பிழையை எவ்வாறு காண்பது? 1858இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ விளக்கிய கத்திமுனைச் சோதனையே இதற்குரிய எளிய வழி. ஆடியிலிருந்து திரும்பிக் குவியும் ஒளியைக் கூரிய விளிம்பு ஒன்றால் சிறிது மறைத்தால், பரப்பின் மேடுபள்ளங்கள் நிழல்களாகத் தோன்றும். எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்பதை அந்நிழலே காட்டிவிடும்.

கண்ணுக்குள் வில்லை

இத்துறை ஏழை எளியோரை நேராகத் தொடும் இடம் கண்புரைச் சிகிச்சை. கண்ணின் இயற்கை வில்லை ஏறத்தாழ 20 டயாப்டர் திறனுடையது. அது வெண்மை படர்ந்து ஒளியை மறைப்பதே கண்புரை. முன்னாளில் அதனை அகற்றிவிட்டு, சுமார் 10 டயாப்டர் திறனுள்ள தடித்த மூக்குக் கண்ணாடியை அளித்தனர். அதன் வழியே பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வையும் குறையும். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை பெற்றவருக்கு இரு கண்களின் பிம்பங்களும் ஒன்றிணைவதில்லை. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டால் உழவரோ கூலித் தொழிலாளியோ வேலைக்குச் செல்ல இயலாது.

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் பிளாஸ்டிக் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த இத்தகைய பிளாஸ்டிக் துணுக்குகளை விழி ஏற்றுக்கொண்டதைக் கண்டதே இதற்குத் தூண்டுகோல். எனினும் இறக்குமதி வில்லையின் விலை எளிய நோயாளிக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவ அமைப்பின் அங்கமாகத் தொடங்கப்பெற்ற ஆரோலேப், இவ்வில்லைகளை உள்நாட்டிலேயே தயாரித்து விலையைப் பன்மடங்கு குறைத்தது.

வில்லை மலிந்ததோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய திறனைக் கணக்கிட விழியின் நீளம் தேவை. அதில் 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் பார்வை சுமார் 2.5 டயாப்டர் பிறழும். முன்பு செவியுணரா ஒலியால் மட்டும் அளந்த இந்நீளத்தை இன்று ஒளியின் குறுக்கீட்டு விளைவைக் கொண்டும் மிகத் துல்லியமாக அளக்கின்றனர். இங்கு ஒளியியலே ஒளியியலுக்குத் துணை நிற்கிறது எனலாம்.

செய்ய வேண்டுவன

சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் தேஜஸ் போர் விமானத்தின் விமானிக்கு எதிரே தகவல்களை ஒளியால் காட்டும் அமைப்பை உருவாக்கியிருப்பது நம் ஆற்றலுக்கு மற்றொரு சான்று. ஆயினும் ஆய்வுக்கூடத்தின் வெற்றி தொழிற்கூடத்தை அடையும்போதே அது நாட்டின் வளமாகிறது. சூத்திரம் அறிந்த பொறியாளரோடு, நிழலைப் பார்த்துப் பரப்பைத் திருத்தும் கைவினைஞரும் இதற்குத் தேவை. தொழிற்பயிற்சி நிலையங்களில் வில்லை தேய்த்தலும் சோதித்தலும் பாடமாக இடம்பெற வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளுக்கு வில்லையோடு அளவைக் கருவியும், அதனை இயக்கப் பயின்றவரும் சென்று சேர வேண்டும். கிராமத்து முதியவர் ஒருவர் கட்டு அவிழ்த்ததும் தம் பேரக் குழந்தையின் முகத்தைத் தெளிவாகக் காணும்போதுதான், உலையில் தொடங்கிய உழைப்பு நிறைவெய்துகிறது.