கரிசல் ஏன் கறுப்பு?
அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலைப் பார்த்தால், இவ்வளவு கறுத்த மண்ணில் மக்கு நிறைய இருக்கும் என்றே தோன்றும். ஆய்வகம் வேறு சொல்கிறது. 1934இல் வாக்லி, பிளாக் இருவரும் வகுத்த முறையில், மண்ணோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து, செலவாகாமல் மிஞ்சிய டைகுரோமேட்டை இரும்பு உப்புக் கரைசலால் அளக்கிறார்கள். இப்படிக் கணிக்கும் அங்ககக் கரிமம், அதாவது மக்கிலுள்ள கரிமம், கரிசலில் பெரும்பாலும் 1 விழுக்காட்டைத் தொடுவதில்லை. இம்முறை கரிமத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கையே பிடிக்கும் என்பது நியாயமான ஆட்சேபம், அதற்காக 1.3ஆல் பெருக்கினாலும் மண் மக்கில் செழித்ததாகிவிடாது. (மண்ணிலுள்ள சுண்ணாம்பு உருண்டைகளின் கரிமம் இக்கணக்கில் சேராது.)

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் ஸ்மெக்டைட் களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கே கறுப்புக்குக் காரணம் என்பது வலுவான விளக்கம். டைட்டானியம் கலந்த மேக்னடைட்தான் காரணம் என்ற பழைய வாதம் தக்காணத்து எரிமலைப் பாறைக்குப் பொருந்தலாம்; தென் தமிழகக் கரிசலுக்கு அடியில் பெரும்பாலும் கிடப்பதோ நைஸ் பாறை.