விடிய 4.37க்கு ஒரு தோல்வி

வேலிக்கு இப்பால் – 14

சென்ற வாரம் ரொறன்ரோ விமான நிலையத்தில் என் மிளகாய்த்தூள் பொதி பட்ட பாட்டை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் ஆவரங்கால் சந்தியில் சைக்கிளை மறித்தார். "தூளை விடுங்கோ மாஸ்டர். மூண்டு மாசம் அங்க இருந்து என்னதான் செய்தனீங்கள்?"

உள்ளதைச் சொன்னேன். தோற்றுக்கொண்டிருந்த ஒரு அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கிரிக்கெட் என்று நினைத்திருக்க வேண்டும். "ஓ, எங்கட ஆக்களும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்தது பேஸ்போல். அணி ரொறன்ரோ புளூ ஜேஸ். ஆண்டு 2024. மே மாதம் ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டில் இறங்கிய அன்றிரவே மருமகன் என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினான். அங்கே பிறந்த பெடியன். தமிழில் கேட்டால் தமிழில் மறுமொழி வரும், கொஞ்சம் யோசித்து வரும். "மாமா, இது கிரிக்கெட் மாதிரித்தான், ஆனா கிரிக்கெட் இல்லை" என்று தொடங்கி அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினான். ஒன்றும் விளங்கவில்லை. அடித்தவன் எதற்காகத் துடுப்பை எறிந்துவிட்டு ஓடுகிறான்? ஓடினவன் எதற்காக நடுவழியில் நிற்கிறான்? நின்றவனை எதற்காக ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை?

நாலாவது ஆள் அடித்துவிட்டு ஓடியபோது பிடிபட்டது. அட, இது எங்களுடைய எல்லே.

இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட எல்லே ஆட்டங்களுக்கு விசிலோடு நின்றவன் நான். ஒரு தடி, ஒரு ரெனிஸ் பந்து, ஆளுக்கு மூன்று தரம். அடித்ததும் தடியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்; சுற்றி வந்து சேர்ந்தால் ஓட்டம். நடுவில் இளைப்பாற இடமுண்டு. எல்லேயில் ஓடுகிறவரின் முதுகில் பந்தால் எறிந்தால் ஆட்டமிழப்பு. பெட்டையளின் ஆட்டங்களில் அந்த எறி விழுகிற சத்தம் வேலிக்கு வெளியே கேட்கும். பேஸ்போலில் எறிய மாட்டார்கள், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தொடுவார்கள். பந்தும் ரெனிஸ் பந்து அல்ல. எறிந்திருந்தால் ஆள் எழும்பமாட்டான்.

மருமகனிடம் சொன்னேன். "எல்லே எண்டா என்ன மாமா?" என்றான். அன்றிரவு மிச்ச நேரம் நான்தான் வாத்தியார்.

அடுத்தநாள் பின்னேரமும் ஆட்டம் இருந்தது. அதற்கு அடுத்தநாளும் இருந்தது. எனக்கு முதலில் வியப்பாக இருந்தது இதுதான். ஒரு பருவத்தில் ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் கடைசி வரை, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும். எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கிற ஜவ்னா கிங்ஸ் லங்கா பிரீமியர் லீக்கில் முதற்சுற்றில் எட்டு ஆட்டம் ஆடும். எட்டில் மூன்று தோற்றால் சந்திக் கடையில் இழவு வீடு மாதிரி இருக்கும். இத்தனைக்கும் 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து தொடரில் நான்கை வென்றது அந்த அணிதான். வெல்லாத வருடம் 2023. வனிந்து ஹசரங்க 9 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்து எங்களை வெளியே அனுப்பினார். அந்த ஒரு இரவை இன்னும் கதைக்கிறார்கள். (நாலு கிண்ணம் வென்ற அந்த அணி யாழ்ப்பாண மண்ணில் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. அது வேறு கதை, மண்டைதீவு மைதானம் எழும்பட்டும், எழுதுகிறேன்.)

162 ஆட்டம் ஆடுகிறவனுக்குத் தோல்வி அப்படி இருக்காது. 2024இல் எல்லா அணிகளையும்விட அதிகம் வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கூட 64 ஆட்டம் தோற்றது. துடுப்பாட்டக் கணக்கும் அப்படித்தான். பத்துத் தரம் போய் மூன்று தரம் ஒழுங்காக அடித்தவன் மகாராசன். புளூ ஜேஸின் விளாடிமிர் குரேரோ ஜூனியர் அந்த வருடம் .323 என்ற சராசரியில் அடித்தார், 30 ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர் மாதிரி). ஆயிரத்தில் 323 என்று வாசிக்க வேண்டும். மிச்சம் 677 தரம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவதுதான். அவர் பக்கத்தில் நின்ற போ பிஷெட், அணியின் மற்றச் செல்லப்பிள்ளை, .225. நாலே நாலு ஹோம் ரன். காயம் வேறு. முக்கால்வாசிப் பிரச்சினை துடுப்பாட்டத்திலும், கடைசி இன்னிங்ஸ்களில் எறிய வந்தவர்களிடமும் இருந்தது. நம்பியிருந்த ஜோர்டன் ரொமானோவுக்கு முழங்கையில் சத்திரசிகிச்சை. எடுத்த ஓட்டத்தை எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

மருமகனின் கோபம் இதிலெல்லாம் இல்லை. அது 2023 டிசெம்பரிலிருந்தே இருந்தது. ஜப்பானியர் ஷோஹேய் ஒட்டானி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று கதை பரவி, கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட ஒரு தனியார் விமானத்தை ஊர் முழுக்கத் தொலைபேசியில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். விமானம் இறங்கியது. இறங்கியவர் வேறொரு பணக்காரர். அடுத்தநாளே ஒட்டானி 70 கோடி டொலருக்கு டொட்ஜர்ஸுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பலகாரம் சுட்டுவைத்த வீடு மாதிரி ஆகிவிட்டது ரொறன்ரோ. ஏப்ரலில் அவர் எதிரணியாக வந்தபோது சனம் கூக்குரலிட்டது. முதல் முறை ஆட வந்தபோதே ஹோம் ரன் அடித்தார்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போனோம். வீட்டடியில் பஸ், கென்னடியில் சுரங்க ரயில், யூனியனில் இறங்கி நடை. சி.என். கோபுரத்தின் காலடியில், கூரை திறந்து மூடுகிற அந்தப் பெரிய மண்டபம் 1989இலிருந்து நிற்கிறது. செவ்வாய் என்றால் ஒரு டொலருக்கு ஹொட் டோக். மச்சான், அதாவது தங்கச்சியின் புருஷன், செவ்வாய் விரதகாரர். நாலு சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எனக்கு உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம். பையைத் திறந்து பார்த்த காவலாளி வாசனை பிடித்துவிட்டுச் சிரித்தான், விட்டுவிட்டான். ஆக, கனடாவின் பேஸ்போல் மைதானத்தில் இருந்து வாழைக்காய்க் கறியும் பருப்பும் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைக் கிழவி ஒருத்தி என்ன என்று கேட்டாள். அப்பளத்தில் ஒரு துண்டு கொடுத்தேன். ஆறாவது இன்னிங்ஸில் இன்னொரு துண்டு கேட்டாள்.

எதிரணி எது என்று மறந்துவிட்டது. தோற்றது நினைவிருக்கிறது. சனம் எழும்பிப் போகத் தொடங்கியதும் மச்சான் கதிரையைவிட்டு அசையவில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. 1993 ஒக்டோபர் 23 இரவு, ஜோ காட்டர் கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னால் இந்த அணி இரண்டாவது தடவையாக உலகத் தொடரை வென்றபோது, அவர் நகரத்துக்குள் ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திடீரென்று தெருவெல்லாம் ஹோர்ண் சத்தம். குண்டு விழுந்துவிட்டதென்று நினைத்துக் குந்தினாராம். "நாலு வருசம் ஆகியும் அந்தப் பழக்கம் போகேல்லை. பிறகுதான் பாத்தன், சனம் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்குது." அந்த ஒக்டோபரில் புத்தூரில் எங்களுக்கு மின்சாரம் இல்லாமல் மூன்று வருடம் கடந்திருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூலை கடைசியில் விற்பனை தொடங்கியது. பேஸ்போலில் இதற்கென்றே ஒரு கெடுநாள் உண்டு. 2024இல் ஜூலை 30. அதற்குள் வெல்லுகிற அணிகள் ஆட்களை வாங்கும், தோற்கிற அணிகள் விற்கும். கிகுச்சி ஹியூஸ்டனுக்கு, டேர்னரும் கார்சியாவும் சியாட்டிலுக்கு, கீர்மாயர் லொஸ் ஏஞ்சலிஸுக்கு. பதிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத சின்னப் பெடியள். மருமகன் வெறுத்துப்போய் மூன்று நாள் தொலைக்காட்சி போடவில்லை. எனக்கு அதில் பிழை தெரியவில்லை. வெங்காயம் சரிவந்த தோட்டத்தை விளைச்சலோடு விற்றுவிட்டு, அந்தக் காசுக்கு விதை வெங்காயம் வாங்குவது எங்கள் செம்பாட்டில் நடக்கிற காரியம்தான். விதை அழுகிப் போவதும் நடக்கிற காரியம்தான்.

விற்கப்பட்டவர்களில் ஒருவர் டனி ஜான்சன், பந்து பிடிப்பவர். இவருடைய கதையை எல்லே நடுவராக நான் இன்னும் தீர்த்து முடிக்கவில்லை. ஜூன் 26ஆம் திகதி பொஸ்டனில் ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் ரொறன்ரோவுக்காக ஜான்சன் துடுப்போடு நிற்கிறார். ஒரு பந்து ஸ்ட்ரைக். மழை. ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஓகஸ்ட் 26க்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று ஒத்திவைக்கப்பட்டது. இடையில் ஜூலை 27இல் ஜான்சனை ரொறன்ரோ பொஸ்டனுக்கே கொடுத்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே ஆட்டம் தொடங்குகிறது. ஜான்சன் நின்ற இடத்தில் ரொறன்ரோவுக்காக டோல்டன் வார்ஷோ துடுப்போடு வருகிறார். பின்னால் பொஸ்டன் சட்டையோடு பந்து பிடிக்கக் குந்தியிருப்பவர் ஜான்சன். தான் தொடங்கின முறையைத் தானே பிடிக்கிறார். வார்ஷோ ஆட்டமிழந்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதலாவது மனிதர் என்று ஜான்சன் மேஜர் லீக் பேஸ்போல் வரலாற்றில் ஏறினார். ஆட்டத்தை ரொறன்ரோ 4–1 என்று வென்றது.

அதை நான் புத்தூரில், இந்த விறாந்தையில் இருந்து பார்த்தேன். நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். கொடியேற்றத்துக்கு முன் வந்து சேர வேண்டும் என்று ஓகஸ்ட் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டேன். சாமத்துக்குக் கிட்ட, தொலைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து. வீட்டுக்காரி எழும்பி வந்து பார்த்துவிட்டு, "அங்கயிருந்து கொண்டுவந்தது தூள் இல்லை, வருத்தம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

வழக்கமான ஆட்டங்களுக்குச் சாமம் விழிக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கினால் இங்கே விடிய 4.37. இறைப்புக்கு எழும்புகிற நேரம். மோட்டரைப் போட்டுவிட்டு, வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, கிணற்றுக்கட்டில் குந்தினால் இரண்டு மணித்தியாலம் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பாத்தி நிறைய ஒரு இன்னிங்ஸ் சரியாக இருக்கும். கத்தரிக்குத் தண்ணீர் மாறிக் கட்டும்போது ஒரு ஹோம் ரன் தவறிவிடும், பரவாயில்லை. செப்டெம்பரில் இந்த அணிக்கு ஒரு வாய்ப்பும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். பந்தெறிகிறவர்களும் ஓடுகிறவர்களும் அதைத் தெரியாதவர்கள் மாதிரி ஆடினார்கள். விலை விழுந்த பிறகும் வெங்காயத்தைக் கிண்டித்தானே ஆக வேண்டும்.

அந்த நாட்களில் என் ஆள் போடன் பிரான்சிஸ். பெரிதாக யாரும் எதிர்பார்க்காத பந்தெறியாளர். ஓகஸ்ட் 24இல் எட்டு இன்னிங்ஸ் எறிந்து ஒருவரையும் ஒழுங்காக அடிக்க விடவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் ஆள் ஹோம் ரன் அடித்துவிட்டார். ஆட்டம் வெற்றி, ஒரு அடியும் கொடுக்காமல் முடிக்கிற சாதனை போயிற்று. செப்டெம்பர் 11, நியூயோர்க் மெற்ஸுக்கு எதிராக, திரும்பவும் எட்டு இன்னிங்ஸ், திரும்பவும் ஒரு அடியும் இல்லை. நான் அன்று நித்திரை. காலையில் மருமகனின் குரல்பதிவு: "மாமா, நம்பமாட்டீங்கள். ஒன்பதாவது. முதல் ஆள். லிண்டோர். ஹோம் ரன்." ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்ற அணி அந்த இன்னிங்ஸில் ஆறு ஓட்டம் கொடுத்து 6–2 என்று தோற்றது. குரல்பதிவின் கடைசியில் அவன் சிரித்தான். கோபப்பட்டு முடிந்தவனின் சிரிப்பு. அதற்குப் பிறகு அவன் ஒரு ஆட்டமும் விடவில்லை.

செப்டெம்பர் 29 கடைசி ஆட்டம். 74 வெற்றி, 88 தோல்வி. அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவில் ஐந்தாவது இடம், ஐந்து அணிகளில். அப்படி ஆடியும் அந்தப் பருவத்தில் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட டிக்கெட் விற்றிருக்கிறது.

அடுத்த வருடம் என்ன நடந்ததென்று பலருக்குத் தெரியும். அதே அணி 94 ஆட்டம் வென்று பிரிவில் முதலாவதாக வந்து, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. 2025 நவம்பர் 2, ஞாயிறு காலை, மழை. புத்தூரில் நான், ஸ்காபரோவில் அவர்கள். பதினோராவது இன்னிங்ஸில் 5–4 என்று டொட்ஜர்ஸிடம் தோல்வி. ஒட்டானியின் அணியிடம். அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக்கில் வெளியேற்றிய இருபத்திரண்டு வயது ட்ரே யெசவேஜை ரொறன்ரோ தெரிந்தெடுத்தது 2024 ஜூலையில், மருமகன் தொலைக்காட்சியைப் போடாமல் விட்டதற்கு இரண்டு கிழமைக்கு முந்தி. விற்று வாங்கிய பெடியளைவிட அந்த விதைதான் முதலில் முளைத்தது.

அந்த ஏழாவது ஆட்டத்துக்குப் புத்தூரில் என்னோடு சேர்ந்து பார்க்க நாலு பேர் வந்தார்கள். பால்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். 2024இல் ஒருவரும் வரவில்லை. எனக்கென்னவோ, ஏழாவது ஆட்டத்தைவிட அந்த 88ஐத்தான் யாரோடாவது இருந்து பார்த்திருக்க விருப்பம்.

மார்ச் கடைசியில் திரும்பவும் தொடங்கும். நிலாவரைப் பக்கமோ சிறுப்பிட்டிப் பக்கமோ இறைப்புக்கு எழும்புகிறவர்கள் யாராவது இருந்தால், பெரும்பாலான நாட்களில் நேரம் விடிய 4.37. கிணற்றுக்கட்டில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது.