இறுக்கும் துளியும் தீண்டும் துளியும்

அதிர்வு என்பது இயந்திரங்களின் தீராத நோய். எவ்வளவுதான் முறுக்கி இறுக்கினாலும், ஓயாது அதிரும் இயந்திரத்தின் நட்டுகள் மெல்ல நெகிழ்ந்து கழன்றுவிடும். இந்நோய்க்கு ஒரு துளித் திரவத்தால் மருந்து கண்டவர், அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் வேர்ணன் கிரீபிள். 1953 இல் அவர் உருவாக்கிய பசையே 1956 இல் 'லொக்ரைற்' என்னும் பெயருடன் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் அடிப்படை, மெதக்கிரிலேற்று என்னும் ஒருபகுதியம்.

ஒருபகுதியம் என்பது தனித்துத் திரியும் சிறு மூலக்கூறு. இவை ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகும்போது திரவம் திண்மமாகிறது. கிரீபிள் கையாண்ட மூலக்கூறுக்கு இரு முனைகளிலும் பற்றும் கைகள் உண்டு. ஆதலால் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாகின்றன. அவ்வலையை எண்ணெய் கரைப்பதில்லை. மிக வலிய வகைகளைக் கழற்ற, ஏறத்தாழ 250 பாகை வரை சூடேற்ற வேண்டியிருக்கும்.

காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுக்கொண்டிருக்கும்வரை இப்பசை இறுகாது என்பதுதான் இதில் விந்தை. புரிகளின் இடுக்கிலே காற்று அற்றுப்போனதும், இரும்பு, செப்பு ஆகியவற்றின் அயன்கள் தூண்ட, சங்கிலி தொடங்குகிறது. ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தார் இத்தன்மையை முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் தம் திரவத்துக்கு இடையறாது காற்றூட்ட வேண்டியிருந்தமையால் அதனை விற்பனைக்குரிய பண்டமாக்க அவர்களால் இயலவில்லை. கிரீபிளின் திரவமோ, காற்றைக் கசியவிடும் பொலித்தீன் போத்தலிலே அமைதியாகக் கிடந்தது. அப்போத்தலை முழுமையாக நிரப்புவதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணுவோரும் உளர்!

பின்னர் படகு, பேருந்து முதலியவற்றின் பாகங்களை ஒட்டும் இருகூற்றுப் பசைகள் தோன்றின. அவற்றிற் பெரிதும் பயன்படும் மெதைல் மெதக்கிரிலேற்று எளிதில் ஆவியாகும், நெடியும் கடுமையானது. நெடியைக் குறைக்கவும் உலோகத்தில் பிடிப்பைக் கூட்டவும் ஐதரொட்சி எதைல் மெதக்கிரிலேற்று போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு.

மணம் குறைந்தது என்பதால் தீங்கும் குறைந்தது என்று கொள்ளலாகாது. இறுகிய பசையைக் காட்டிலும், இறுகாத துளியே தோலுக்குப் பகை. மெல்லிய இறப்பர்க் கையுறையை அது சில நிமிடங்களிலேயே ஊடுருவும். ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பெரும்பாலும் ஆயுள்வரை நீடிக்கும். பற்களை அடைக்கும் மருத்துவப் பசைகூட அதன்பின் ஒத்துக்கொள்ளாது போகலாம். செயற்கை நகப்பூச்சுகளில் இப்பொருளைத் தொழில்முறையாளர் மட்டுமே கையாளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் விதித்ததும் இக்காரணத்தினாலேயே.

பசைப் போத்தலோடு நாள்தோறும் பழகும் நம்மவருக்கு இங்கே மொழி ஒரு தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு பசைக்குமுரிய பாதுகாப்புத் தாள் அந்தந்த நாட்டு மொழியிலேயே வரும். அதனைப் பார்வையிடுவதற்குத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமையுண்டு. மொழி புரியாவிடினும் எச் 317 என்ற குறியைத் தேடலாம். எல்லா மொழிகளிலும் குறி ஒன்றே. தோலில் ஒவ்வாமை உண்டாகலாம் என்பதே அதன் பொருள். எவ்வகைக் கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்பது அத்தாளின் எட்டாம் பிரிவில் இருக்கும். விரல்நுனிகள் வெடித்துச் சிவந்தால், அத்தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லவேண்டும்.